பூவாயி வைத்த விருந்து

இலுப்பை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் பூவாயி என்றொரு தாய்க்கரடி இருந்தாள். கெட்டவள் இல்லை, பாவம். பொறாமை ஒன்றுதான் அவளுடைய கோளாறு.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். ஒரு கரடிக்குட்டி முதன்முதலாக மரமேறித் தேனடை பறித்தால், அதன் தாய் காட்டையே கூப்பிட்டு விருந்து வைப்பாள். பக்கத்துக் குகை மாராயியின் மகன் முத்தன் ஒருநாள் ஏறிவிட்டான். மாராயிக்குத் தலைகால் புரியவில்லை.

முத்தன் வயதுதான் பூவாயியின் மகன் சடையனுக்கும். அவன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தொட்டால் விலகிவிடுவான். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். ஓடைக்கரையில் கூழாங்கற்களை வரிசையாக அடுக்கினால் பொழுது சாய்வதுகூட அவனுக்குத் தெரியாது. அவன்மேல் பூவாயிக்கு உயிர். ஆனால் முத்தனைப் பார்த்தால் அவள் வயிறு பற்றி எரியும்.

'அவளுக்கு மட்டும் எல்லாம் நடக்கிறது! நான் என்ன பாவம் செய்தேன்?' என்று பொருமிக்கொண்டே விருந்துக்குப் போனாள்.

"ஏன் அக்கா, உங்க சடையன் எப்போ ஏறுவான்?" என்று கேட்டாள் மாராயி.

"அவன் எப்பவோ ஏறிட்டான்! நாளைக்குக் காலையில வந்து பாரு!" என்று சொல்லிவிட்டாள் பூவாயி. சொன்ன பிறகுதான் நெஞ்சு திக்கென்றது.

விடிந்ததும் காடே தேனடை தொங்கும் மரத்தடியில் கூடிவிட்டது. குரங்குகள் கத்தின, மயில்கள் அகவின. சடையன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

"ஏறுடா தங்கம், ஒரே ஒரு கிளை" என்று கெஞ்சினாள் பூவாயி. அவன் அசையவில்லை.

"என் மானத்தை வாங்காதேடா!" என்று அவனைப் பிடித்து மரத்தின்மேல் தள்ளி ஏற்றினாள். சடையன் அலறிக்கொண்டு கீழே விழுந்தான். உடம்பைச் சுருட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினான்.

"எப்பவோ ஏறிட்டான்னு சொன்னீங்களே அக்கா?" என்றாள் மாராயி. குரங்குகள் களுக்கென்று சிரித்தன.

பூவாயிக்கு அந்தச் சிரிப்பு காதில் விழவே இல்லை. பிள்ளையின் நடுக்கம்தான் தெரிந்தது.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! நான் சொன்னது பொய். அவன் ஏறலை. எல்லாரும் போங்க!" என்று கூட்டத்தை விரட்டினாள். சடையனைத் தொடாமல், கொஞ்சம் தள்ளிக் குப்புறப் படுத்து அழுதாள்.

வெகுநேரம் கழிந்தது. முதுகில் ஏதோ கனமாக அழுத்தியது. கிளை முறிந்து விழுந்ததோ என்று நினைத்தாள். குட்டி நகங்கள் அவள் ரோமத்தைப் பற்றிக்கொண்டன.

சடையன்! பிறந்ததிலிருந்து ஒருநாளும் தாய் முதுகில் ஏறாதவன், இன்று தானாகவே ஏறி, அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். பூவாயி மூச்சுவிடக்கூடப் பயந்தாள். பிறகு மெல்ல, மெல்ல எழுந்து நடந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வழியில் வந்த மாராயி வியந்து நின்றாள்.

"மாராயி, எல்லாரையும் கூப்பிடு. சாயங்காலம் என் குகையில் விருந்து. சத்தம் மட்டும் போடக் கூடாது."

"இதுக்கா விருந்து? எங்க முத்தன் கண் திறந்த கொஞ்ச நாளிலேயே முதுகில ஏறிட்டானே! இப்போ வளர்ந்து, முதுகை விட்டு இறங்கியும் போயிட்டான்."

"இருக்கட்டும். என் பிள்ளை இன்னைக்குத்தான் ஏறினான். எனக்கு இன்னைக்குத்தான் திருவிழா" என்று சொல்லிவிட்டுப் பூவாயி நடந்தாள்.

மாராயி அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முத்தன் தன் முதுகில் முதன்முதலாக ஏறியது எந்த நாள் என்று யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. முதல்முறையாக அவளுக்குப் பூவாயியின்மேல் பொறாமையாக இருந்தது.

நீதி: அடுத்தவர் பிள்ளையோடு ஒப்பிடாதே, உன் பிள்ளை எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியையும் கொண்டாடு.