நெடி ஏறாத மிளகாய்

நாவல்குளத்தங்கரையில் செங்கண்ணி என்றொரு தாய்க்கீரி இருந்தது. அது எதையும் நம்பாது. தவளை கத்தினால், "இவன் ஏன் இன்றைக்கு இத்தனை சத்தமாகக் கத்துகிறான்?" என்று யோசிக்கும். பழம் தானாக உதிர்ந்தால், தள்ளிவிட்டது யார் என்று மரத்தை அண்ணாந்து பார்க்கும். "சந்தேகப் பிராணி" என்று மற்ற பிராணிகள் எல்லாம் அதைக் கேலி செய்தன. செங்கண்ணி அதற்காக வருத்தப்பட்டதில்லை. பாம்பு திரிகிற இடத்தில் எல்லாரையும் நம்புகிற கீரி எத்தனை நாளைக்கு உயிரோடு இருக்கும்?

அந்தக் கரை காட்டிலேயே நெரிசலான இடம். ஒருவர் வாலை ஒருவர் மிதிக்காமல் நடக்க முடியாது. கிளைக்குக் கிளை குரங்குகள், பொந்துக்குப் பொந்து அணில்கள். முயல், கரடி, காட்டுப்பன்றி என்று கீழேயும் கூட்டம். தேன் கடை, கிழங்குக் கடை என்று சந்தை வேறு.

அங்கேதான் வாலழகன் என்ற நரி வந்து கரிமூட்டம் போட்டது. விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே தீ வைத்தால் விறகு வெந்து கரியாகிவிடும். அந்தக் கரியைக் காட்டுக்கு வெளியே மனிதர்களிடம் கொடுத்து, வேர்க்கடலையும் வெல்லமும் வாங்கி வரும். விறகு சுமக்கும் குரங்குகளுக்கும் மூட்டம் அடுக்கும் கரடிகளுக்கும் அதிலிருந்துதான் கூலி.

வெல்லம் என்றால் கரடி சும்மா இருக்குமா? ஒரு மூட்டம் நாலாயிற்று, நாலு பத்தாயிற்று. மலையிலிருந்து இறங்கும் காற்று புகையை எல்லாம் தள்ளிக்கொண்டு வந்து கரையில் விட்டது. புகை அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

"இதென்ன இவ்வளவு புகை?" என்று முதலில் கேட்டது செங்கண்ணிதான்.

நரி கடகடவென்று சிரித்தது. "புகையா? நல்லாப் பாரு தாயி! குட்டியைக் குளிப்பாட்டினா சாம்பிராணி காட்டுறியே, அது புகை இல்லையா? நீ உன் குட்டிக்குக் காட்டுறே, நான் ஊருக்கே காட்டுறேன்! இப்பல்லாம் கொசு கடிக்குதா? நீயே சொல்லு!"

கொசு கடிக்கவில்லை. அது உண்மைதான். அன்றிலிருந்து அந்தப் புகைக்குச் சாம்பிராணி என்றே பெயர் வந்துவிட்டது. தாய்மார்கள் குட்டிகளைக் குளிப்பாட்டி, மூட்டத்தருகே தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். தலையீரம் காய்ந்துவிடும், சளி பிடிக்காது என்று பேசிக்கொண்டார்கள். செங்கண்ணி இரண்டு நாள் தயங்கியது. பிறகு அதுவும் தன் குட்டி மின்னியைக் கொண்டுபோய்க் காட்டியது. ஊரோடு ஒத்து வாழ் என்கிறார்களே!

கொஞ்ச நாளில் இருமல் தொடங்கியது. முதலில் முயல்கள், அப்புறம் அணில்கள், பிறகு எல்லாரும். குயில் பாட வாயைத் திறந்தால் கரகரவென்று காற்றுதான் வந்தது. தேனீக்கள் கூட்டைக் காலி செய்துகொண்டு மலைப்பக்கம் போய்விட்டன. தேன் கடை மூடிக்கிடந்தது. அணில்கள் தாம் புதைத்த கொட்டையை மோப்பம் பிடிக்க முடியாமல் கரையெல்லாம் குழி தோண்டின. செங்கண்ணியின் காலடியிலேயே ஒரு நாள் எலி ஓடியது. கீரிக்கு எலியின் வாசனையே தெரியவில்லை. வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொண்டது.

நரியின் பெண்டாட்டி வஞ்சி உடனே ஒரு கஷாயக் கடை போட்டது.

"இஞ்சி, திப்பிலி, ஆடாதோடை! ஒரு கொட்டாங்கச்சி குடிச்சா இருமல் ஓடியே போயிடும்! வாங்க, வாங்க!"

காலையில் நரியிடம் வாங்கிய வெல்லத்தைக் குரங்குகள் சாயங்காலம் நரியின் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கிளை ஏறின. மறுநாள் இருமலில் படுத்துவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. கஷாயம் மட்டும் உண்டு, அதுவும் கடனாக.

மின்னிக்கு மூச்சு இளைத்தது. ஓடிப்பிடித்து விளையாடுகிற குட்டி, நாலடி வைத்ததும் உட்கார்ந்துவிட்டது. அதன் நெஞ்சுக்குள் யாரோ ஊதல் ஊதுகிற மாதிரி சத்தம் கேட்டது. செங்கண்ணி சேர்த்து வைத்திருந்த பாம்பு முட்டைகளை எல்லாம் கஷாயத்துக்குக் கொடுத்துப் பார்த்தது. ஊதல் நிற்கவில்லை. குட்டி செத்துப்போய்விடுமோ என்று தாய் ராத்திரியெல்லாம் விழித்திருந்தது.

யாரோ ஏதோ செய்கிறார்கள். யார் அது?

முயல் தண்ணீரில் எதையோ கலக்கிறதோ என்று செங்கண்ணி சந்தேகப்பட்டது. காட்டுப்பன்றி அழுகின கிழங்கை விற்கிறதோ என்று சந்தேகப்பட்டது. முயலும் பன்றியும் கீரியைச் சந்தேகப்பட்டன. பாம்பு தின்கிறவள் மூச்சில் விஷம் இருக்காதா என்று கேட்டன. கரையே சந்தேகப் பிராணியாகிவிட்டது! ஒருவர் கொடுத்த பழத்தை இன்னொருவர் தின்னவில்லை.

ஒரு நாள் நரி செங்கண்ணியைத் தனியே கூப்பிட்டது.

"ஒண்ணு கேட்பேன், தப்பா நினைக்காதே தாயி. மலை மேலேர்ந்து ஒரு ஆந்தை தண்ணி குடிக்க வருதே, அது கண்ணைப் பார்த்திருக்கியா?"

"ஏன்? உருண்டையா இருக்கும்."

"இமைக்குதா?"

செங்கண்ணி யோசித்தது. "இல்லை, அப்படியே பார்த்துக்கிட்டே இருக்கும்."

"உன் குட்டி துறுதுறுன்னு ஓடினதை அது பார்த்துச்சா இல்லையா? நான் வேற ஒண்ணும் சொல்லலே. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

ஆந்தை காலங்காலமாக அந்தக் குளத்துக்கு வந்துகொண்டிருந்தது. மூட்டம்தான் புதிது. ஆனால் பயந்துபோன மனசு முன்னே எது, பின்னே எது என்று பார்க்குமா? செங்கண்ணி அணிலிடம் சொன்னது. அணில் குரங்கிடம் சொன்னது. பொழுது சாய்வதற்குள், "ஆந்தைக் கண்! ஆந்தைக் கண்!" என்று கரை முழுவதும் ஒரே பேச்சு.

அன்று மாலை ஆந்தை தண்ணீருக்கு இறங்கியதும் எல்லாருமாகச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அய்யோ, நான் என்ன செஞ்சேன்? என் கண்ணே இப்படித்தானே!" என்று ஆந்தை அலறியது.

"கத்தாதே! சுத்திப் போட்டுப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்றது நரி.

சுற்றிப் போடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். காய்ந்த மிளகாய், கல்லுப்பு, முச்சந்தி மண் மூன்றையும் குட்டியின் தலையைச் சுற்றி நெருப்பில் போடவேண்டும். நெடி தூக்கி எல்லாரும் இருமினால் திருஷ்டி இல்லை. நெடியே வராவிட்டால் திருஷ்டிதான், சந்தேகமே இல்லை.

"நெடி வரலேன்னா இந்த ஆந்தையோட இறக்கையைப் பிய்ச்சுடணும். சம்மதமா?" என்று நரி கேட்டது.

"சம்மதம்! சம்மதம்!"

நரியும் வஞ்சியும் காற்று வரும் பக்கமாக, நெருப்பருகே ஒரு பாறைமேல் ஏறி நின்றுகொண்டன. கரடியம்மா மின்னியின் தலையைச் சுற்றி, ஒரு பிடி மிளகாயை நெருப்பில் போட்டது. மிளகாய் படபடவென்று வெடித்தது. எல்லாரும் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். இன்னொரு தரம் இழுத்தார்கள்.

நெடியே இல்லை!

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா! திருஷ்டிதான்! பிடுங்குங்கடா இறக்கையை!" என்று நரி கத்தியது.

குரங்குகள் பாய்ந்தன. அப்போது, "அச்சு!" என்று ஒரு தும்மல். தும்மியது ஆந்தை. அதன் உருண்டைக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "அச்சு! அச்சு! என்ன நெடி இது! உங்களுக்கெல்லாம் எப்படிய்யா தாங்குது?"

"நடிக்கிறான்!" என்று பன்றி கத்தியது.

செங்கண்ணியும் கத்த வாயைத் திறந்தது. ஆனால் பழக்க தோஷம், கத்துவதற்கு முன் சுற்றும் முற்றும் எல்லார் முகத்தையும் ஒரு தரம் பார்த்தது. பாறைமேல் நரி இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. கண் சிவந்திருந்தது. கன்னம் உப்பியிருந்தது.

"ஹச்!"

"என்ன நரியண்ணே, ஜலதோஷமா?"

"இல்லே தாயி... தூசி... ஹச்!"

செங்கண்ணி கரடியம்மா மடியிலிருந்த மிளகாயை அப்படியே வாரியது. யார் தலையையும் சுற்றவில்லை. நேராக நெருப்பில் கொட்டியது. ஆந்தை தும்மியது, நரி தும்மியது, வஞ்சி தும்மித் தும்மிப் பாறையிலிருந்து உருண்டே விழுந்தது. கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"நெடி இருக்கு! நமக்குத்தான் மூக்கு இல்லே!" என்று செங்கண்ணி அலறியது. "மலைமேல இருக்கிற ஆந்தைக்கு நெடி ஏறுது. நரிக்கும் ஏறுது. நரி எங்கே குடியிருக்கு?"

"மலைச்சரிவிலே," என்றது அணில். "புகை வராத பக்கம்."

"இத்தனை நாள்ல ஒரு நாளாவது அது தன் குட்டிங்களைச் சாம்பிராணி காட்டத் தூக்கிட்டு வந்ததா? யாராவது பார்த்தீங்களா?"

ஒருவரும் பார்க்கவில்லை. நரி சமாளித்துக்கொண்டு பேசியது.

"சரி, மூட்டத்தை அணைச்சிடுங்க! நாளைக்கு வெல்லம் யார் தருவா? கடலை யார் தருவா? இந்தச் சந்தேகப் பிராணி தருமா?"

குரங்குத் தலைவன் கொம்பேறி தலையைச் சொறிந்தது. "அதுவும் நியாயம்தானே அக்கா? கூலி இல்லாம எப்படி?"

"கூலியா? அதை ராத்திரி உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது எத்தனை நாள் கொம்பேறி? இந்தக் கையில வாங்கி, அந்தக் கடையில கொடுத்துட்டுத்தானே போறே?" என்று சொல்லிக்கொண்டே செங்கண்ணி மின்னியைத் தூக்கிக் கொடுத்தது. "இது நெஞ்சுல காதை வை. வைச்சுட்டு அப்புறம் பேசு."

கொம்பேறி காதை வைத்தது. தன் வீட்டில் தினமும் கேட்கிற அதே சத்தம்தான். குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேராகப் போய் முதல் மூட்டத்தை உதைத்துத் தள்ளியது. கரடிகள் குளத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து ஊற்றின. நரியும் வஞ்சியும் எடுத்த ஓட்டம், காட்டின் எல்லையில்தான் நின்றிருக்கும்.

புகை அடங்கியது. ஆனால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடுமா? தேனீக்கள் வர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை குரங்குகள் கிழங்கு தோண்டி அரைவயிறு தின்றன. மின்னி பிழைத்துக்கொண்டது. ஆனால் மற்றக் குட்டிகளோடு ஓடும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கும்.

செங்கண்ணி மின்னியையும் கூட்டிக்கொண்டு ஆந்தையைத் தேடி மலைக்குப் போனது. "உன் பேரை ஊரிலே பரப்பினவ நான்தான். என்னை மன்னிச்சுடு" என்றது.

"என் இறக்கை தப்பிச்சுது, அதை விடு," என்றது ஆந்தை. "என்னை மடக்கிப் பிடிக்கக் கூட்டம் சேர்த்தியே, அதுக்குப் பதிலா உன் குட்டியைத் தூக்கிட்டு இந்த மலைக்கு வந்திருக்கலாமேம்மா!"

சரிவில் மின்னி ஒரு தும்பியைத் துரத்தி ஓடியது. பாதி வழியில் நின்றுவிட்டது. தும்பி பறந்து போனது. செங்கண்ணி ஓடிப்போய்க் குட்டியைத் தூக்கி அணைத்துக்கொண்டது.

புகையைச் சாம்பிராணி என்று நம்பி, அப்பாவியைப் பகை என்று சந்தேகிக்கிற ஊர், மூச்சையும் இழக்கும். அந்த மூச்சை விற்று வாங்கிய கூலியையும் இழக்கும்.