தேரியில் கதறும் ஆள்காட்டி

பறவை பேசினால் மனிதனுக்குப் புரிந்த அந்தக் காலத்தில், தேரிக்கு உன் பக்கம், என் பக்கம் என்று ஒன்று கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மணல், நடுவில் ஒரு சுனை, அவ்வளவுதான். காற்று எதுவரைக்கும் மணலைக் கொண்டுபோய்க் குவித்ததோ, அதுவரைக்கும் தேரி. எவ்வளவு நிம்மதியான காலம் அது!

அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை. கத்தியே அறியாத சாது. வெறுந்தரையில்தான் முட்டையிடும். பிச்சாண்டிக் கோனார் சுனைக்கு மந்தையை ஓட்டி வரும்போதெல்லாம் முட்டைக்குப் பக்கத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பார். ஆடுகள் இரண்டாகப் பிரிந்து விலகிப் போகும்.

"பிள்ளைக சௌக்கியமா தாயி?" என்பார்.

"உங்க புண்ணியத்துல நல்லாருக்கோம் அண்ணாச்சி" என்னும் குருவி.

பிறகு இரண்டு ராஜாக்களுக்குள் ஆகாமல் போயிற்று. அவர்களுக்கு வேறு வேலை ஏது? தேரியின் குறுக்கே எல்லைக்கல் நட்டார்கள். ஆடிக்காற்று மணலை வாரி மூடியது. மறுபடி நட்டார்கள், மறுபடி மூடியது. தேரி மணலில் கல் நட்ட புத்திசாலிகளை என்னவென்று சொல்ல! கடைசியில் கிழக்குப் பக்கத்து ராஜாவின் தளபதி குருவியிடம் வந்தான்.

"மேற்கேயிருந்து எவன் வந்தாலும் நீ கத்தணும். கத்தினா உன் முட்டைப் பக்கம் எங்க குதிரை வராது. இல்லேன்னா, நீயே யோசிச்சுக்கோ."

பெற்ற வயிறு பயந்துவிட்டது. குருவி சரி என்றது.

வழக்கம்போல ஒருநாள் கோனார் மேற்கேயிருந்து வந்தார். குருவி அவரைப் பார்த்தது. முட்டைகளைப் பார்த்தது. கத்திவிட்டது.

குதிரைக்காரர்கள் பாய்ந்து வந்து கோனாரை வளைத்தார்கள்.

"நான் தேரியிலதானய்யா நிக்கேன்!"

"தேரியிலதான் நிக்கிற. ஆனா இது எங்க ராஜா நாடு."

"தேரி ஒண்ணுதானய்யா?"

"தேரி ஒண்ணுதான். நாடு ரெண்டு."

அவரைக் கட்டி இழுத்துப் போனார்கள். குதிரைகளைக் கண்டு மிரண்ட ஆடுகள், மறித்துத் திருப்ப ஆளில்லாமல் நேரே ஓடி வந்தன. முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. தளபதி சொன்ன சொல் தவறவில்லை. மிதித்தது குதிரை இல்லையே.

கோனார் திரும்பி வரவே இல்லை. அந்த ராஜாக்கள் செத்தார்கள், அவர்கள் நாடுகளும் போன இடம் தெரியவில்லை. தேரி மட்டும் கிடக்கிறது.

அன்று முதல்தான், எந்தத் திசையிலிருந்து யார் வந்தாலும் ஆள்காட்டி தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. காட்டிக் கொடுக்கிறது என்று நாம் அதற்குப் பெயர் வைத்துவிட்டோம். பாவம், குதிரைக்காரங்க வர்றதுக்குள்ள ஓடிப்போயிருங்க அண்ணாச்சி என்றுதான் அது கதறுகிறது.