மகன் ஓடி வந்த பக்கம்

“அம்மா, ஒரு பக்கமும் சாயாம நிக்கிறது எப்படி?”

விடிந்தும் விடியாமல் மடத்து வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டார் உச்சிமாகாளி.

மடத்தம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். சங்கரவடிவு என்று பேர். உச்சிமாகாளியைவிட நாலைந்து வயசு இளையவள். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு. மனசில் ஒரு முடிச்சு விழுந்தால் போதும், மனுசன் நேரே மடத்துக்கு வந்துவிடுவார். அவளோ அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

“யாரு பக்கம் சாஞ்சிருவோம்னு பயப்படுதீங்க அண்ணாச்சி?”

“எம் மவன் பக்கம்.”

“இன்னைக்கு என்ன?”

“கிரிக்கெட்டு. நம்ம வடகரைக்கும் தென்கரைக்கும் பைனல். சொரிமுத்து நம்ம ஊருக்கு ஆடுதான். நான் அம்பயரா நிக்கேன்.”

அவள் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரையும் தெளித்து முடித்தாள்.

“வெயில் கடுமையா இருக்கும். தலையில துண்டு கட்டிக்கோங்க.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே அம்மா.”

“சாயந்திரம் நானும் வாரேன்,” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

விஷயம் என்னவென்றால், எங்கள் பக்கத்தில் பேட் பிடிக்கிற கட்சிதான் அம்பயரையும் நிறுத்தும். சொந்தக் கட்சிக்காரனை அவுட்டென்று சொல்ல எவனுக்குக் கை எழும்பும்? அதனால் ரன் அவுட் என்றாலே அடிதடிதான். போன வருஷம் பைனலில் ஸ்டம்பைப் பிடுங்கி அடித்துக்கொண்டு, ரெண்டு ஊர்ப் பையன்களும் ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கிடந்தார்கள். யார் ஜெயித்தது என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

இந்த வருஷம் ரெண்டு ஊரும் கூடிப் பேசி ஒரே ஆளைச் சொன்னார்கள்.

உச்சிமாகாளிக்குக் குளத்து மடையைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் விடுகிற வேலை. ரெண்டு ஊருக்கும் அந்த ஒரே குளம்தான். இத்தனை வருஷத்தில் ஒருத்தன், “எனக்குக் குறைச்சுட்டார்,” என்று சொன்னதில்லை. அவர் வயலுக்குக் கடைசியாகத்தான் தண்ணீர் போகும். சில வருஷம் போகவே போகாது.

“உச்சிமாகாளி நின்னா நாங்க வாய் திறக்க மாட்டோம்,” என்று சொல்லிவிட்டான் தென்கரை கேப்டன் ஜெபசிங்.

அந்தப் பேச்சு அவருக்குள் இனித்துக்கொண்டு கிடந்தது. பயமும் அதற்குள்தான் இருந்தது.

மேட்ச் அந்தக் குளத்துக்குள்தான். கோடையில் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நடுவில் பிட்ச் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து மெழுகியிருந்தார்கள். கரை மேல் சனம். புளியமரத்தில் குழாய் ரேடியோ கட்டி மைக்செட்.

தென்கரை எண்பத்தொரு ரன் எடுத்தது.

வடகரைக்கு ஒவ்வொருத்தனாகப் போய் ஒவ்வொருத்தனாகத் திரும்பினான். சொரிமுத்து மட்டும் நின்றான். ஆடினான். ஒன்பது பேர் அவுட்டாகி எண்பது வந்துவிட்டது. இன்னும் ரெண்டு ரன் எடுத்தால் கோப்பை.

எதிர்ப்பக்கம் கடைசி ஆள் கொம்பையா. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவன்.

“கொம்பையா அண்ணன் அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுமாறு கமிட்டி சார்பாகக் கேட்டுக்கொள்ளப்படுகிறது!” என்றது மைக்.

“முதல்ல மைக்கை மூடுலே!” என்று கத்தினான் கொம்பையா.

ஓவரின் கடைசிப் பந்து. ஜெபசிங் போட்டான். சொரிமுத்து நேரே தட்டிவிட்டு ஓடி வந்தான். ஒன்று எடுத்தால் ரெண்டு கட்சியும் சமம். அடுத்த ஓவரிலும் அவனே ஆடலாம். கொம்பையாவை நம்ப வேண்டாம்.

அவன் ஓடி வந்தது அப்பா நிற்கிற பக்கம்.

பந்தைப் பொறுக்கினவன் வீசினான். ஜெபசிங் பிடித்து, பந்தோடு ஸ்டம்பின் மேலேயே விழுந்தான். மூன்று குச்சியும் பறந்தது. குளத்துப் புழுதி ஆள் உயரத்துக்கு எழும்பியது.

புழுதி அடங்கவில்லை. அதற்குள் உச்சிமாகாளியின் விரல் மேலே நின்றது.

அவுட்.

வடகரை ஒரு ரன்னில் தோற்றது.

தென்கரைக்காரர்கள் கோப்பையைக்கூட எடுக்கவில்லை. முதலில் உச்சிமாகாளியைத்தான் தூக்கினார்கள். “பெற்ற மகன் என்றும் பாராமல் தீர்ப்புச் சொன்ன அம்பயர் அவர்களுக்குத் தென்கரை சார்பாகப் பொன்னாடை!” என்றது மைக். பொன்னாடை என்ன, புதுத் துண்டுதான். போர்த்தினார்கள். வடகரைப் பெரியவர்களே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“தோத்தாலும் பரவாயில்லைய்யா. நம்ம ஊர்ல இப்பிடி ஒரு மனுசன்!”

சொரிமுத்து பேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தூரப் போய், கரையடியில் தனியாக உட்கார்ந்துவிட்டான்.

மடத்தம்மா மோர்ப்பானையோடு வந்திருந்தாள். ரெண்டு ஊரும் அவளைச் சுற்றி நின்றது. ஜெயித்தவனுக்கும் ஊற்றினாள், தோற்றவனுக்கும் ஊற்றினாள். மைக்செட்காரனுக்கு ரெண்டு டம்ளர்.

உச்சிமாகாளி துண்டும் தோளுமாக வந்து கை நீட்டினார்.

டம்ளர் அவரைத் தாண்டிப் பக்கத்து ஆளுக்குப் போனது.

கவனிக்கவில்லை போல என்று மறுபடியும் நீட்டினார். மறுபடியும் தாண்டிப் போனது.

“அம்மா, எனக்கு?”

“உங்களுக்கு இல்ல அண்ணாச்சி.”

“தீந்துட்டா?”

“அரைப்பானை கெடக்கு.”

ஜெபசிங் சிரித்தான். “ஏல, அம்பயருக்கு மோர் அவுட்டாம்லே!”

“காலையிலேருந்து நிக்கேன் அம்மா. தொண்டை காஞ்சு போச்சு.”

“எனக்குத் தெரியாதா? ஆனா நீங்க எனக்கு வேண்டியவங்க. தவறாம மடத்துக்கு வாரவங்க. உங்களுக்கு ஊத்தினா, பாரு, தனக்கு வேண்டிய ஆளுக்கு ஊத்திட்டான்னு நாலு பேரு பேச மாட்டாங்களா?”

“எவன் பேசுவான்? தாகத்துக்கு மோர் குடிக்கதுல என்ன வேண்டியவன், வேண்டாதவன்?”

“அதுஞ்சரிதான். இருந்தாலும் எம் பேரு கெட்டிரக்கூடாதுல்லா?”

உச்சிமாகாளி சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சுற்றிலும் சத்தம். கோப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு எவனோ ஆடினான். அவர் மெதுவாகத் தோளில் கிடந்த புதுத்துண்டை எடுத்து மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“புழுதிம்மா,” என்றார். “கோடே தெரியல.”

மடத்தம்மா பானைக்குள் சொம்பை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“தெரியலன்னா பேட்டுக்காரனுக்குச் சாதகமாத்தான் தீர்ப்புக் குடுக்கணும். வேற யாரா இருந்தாலும் அப்பிடித்தான் குடுப்பேன்,” என்றார் அவரே.

அவள் ஒரு டம்ளர் நிறைய ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் குடிக்கவில்லை. துண்டை ஜெபசிங்கின் கையில் திணித்தார். “எண்ணே, என்னாச்சு?” என்று அவன் கேட்டது காதில் விழுந்ததோ என்னவோ. வழிய வழிய டம்ளரைப் பிடித்துக்கொண்டு கரையடிக்குப் போனார்.

சொரிமுத்து நிமிர்ந்து பார்க்கவில்லை.

“குடிலே.”

வாங்கினான். பாதி குடித்தான்.

“கோட்டைத் தாண்டிட்டியால?”

“ஒனக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

அவன் இப்போதுதான் அப்பாவைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. மேலெல்லாம் புழுதி, கண் மட்டும்தான் தெரிந்தது.

“எனக்கும் தெரியாதுப்பா. நான் கோட்டைப் பாக்கல. ஒம் மொகத்தைப் பாத்துக்கிட்டே ஓடி வந்தேன்.”

உச்சிமாகாளி பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எம் மொகத்துல என்னலே பாத்த?”

“நீ என்னைப் பாக்கல. ஜெபசிங்கைப் பாத்துக்கிட்டு நின்ன.”



சொரிமுத்து டம்ளரின் வாயைச் சட்டையில் துடைத்தான். மிச்சத்தை அப்பாவிடம் நீட்டினான்.

“இந்தா, குடி. நீயும் வெயில்லதான நின்ன.”