சும்மாதான் வந்தேன்

நன்கொடை கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுப்பதுதான் சிஸ்டர் ஃபபியோலாவின் வேலை. அந்தக் கடற்கரை மாவட்டத்தில் அவரை அழைக்காத தொண்டு நிறுவனம் குறைவு. தாய்மார் இல்லத்துக்கு வந்த அன்று தன் சணல் பையை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்.

அரசு மருத்துவமனைக்கு எதிரே இருந்தது அந்த வீடு. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகள் மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும். பெற்றவளுக்கோ கட்டில் கிடையாது. ஊர் திரும்ப மனம் வராதவளுக்கு இந்த வீட்டில் ஒரு பாய், வேளைக்குக் கஞ்சி. பால் கொடுக்கும் நேரம் வந்தால் சாலையைத் தாண்டி ஓடுவாள்.

சனிக்கிழமைக்குள் வீட்டுக்காரர் கேட்ட புது முன்பணம் கட்டவில்லை என்றால் வீடு செல்போன் கடைக்குப் போய்விடும்.

பணம் கேட்டு ஊருக்குள் போக வேண்டியவள் இல்லத்தைப் பார்த்துக்கொண்ட ஜெசிந்தா. அவளும் சிஸ்டரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அங்கேயும் பென்சில் இரவல் கேட்கக்கூட சிஸ்டரைத்தான் அனுப்புவாள்.

முதல் நாள் பயிற்சியில் இல்லத்தின் பொருளாளரை எழுந்து நிற்கச் சொன்னார் சிஸ்டர். அவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் சண்முகவடிவேல்.

"ஜெசிந்தாகிட்ட நன்கொடை கேளுங்க சார்."

அவர் தொண்டையைச் செருமினார். சட்டையை இழுத்துவிட்டார். "அம்மா, எங்க இல்லத்துக்கு ஒரு உதவி..." அதற்கு மேல் வரவில்லை. முப்பது வருஷம் கடன் கொடுத்த பழக்கம் முந்திக்கொண்டது. "ஜாமீன் யாரு போடுவா?"

பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுவந்திருந்த இசக்கியம்மாள் சிரித்த சிரிப்பில் கஞ்சியைக் கொட்டிவிட்டாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் ஜெசிந்தா நன்கொடை கேட்க அரிசி ஆலைக்குத் தனியே போய்வந்தாள்.

"ஆலை அண்ணாச்சி என்ன சொன்னாவ?" என்றார் சிஸ்டர்.

"குடிக்கக் கலர் வாங்கித் தந்தாவ."

"நீ என்ன சொன்ன?"

"மழையில்லைன்னு பேசிட்டிருந்தோம். என்ன விஷயமா வந்தியன்னு கேட்டாவ. சும்மாதான் வந்தேன்னு சொல்லிட்டேன்." ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கியது. "கேக்கும்போது பயம் போக என்ன செய்யணும், சிஸ்டர்?"

சிஸ்டர் எழுந்து செருப்பை மாட்டினார். "வா, திரும்பப் போவோம்."

"உங்க பை?"

"அது அங்கேயே கிடக்கட்டும்."

அரிசி ஆலைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, எதையும் மறந்து வச்சிட்டுப் போயிட்டியளா?"

"ஆமா அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா. "கேக்க வந்ததைக் கேக்காம போயிட்டேன்."

இசக்கியம்மாளைப் பற்றிச் சொன்னாள். பிள்ளை ஒரு படி அரிசி கனம்கூட இல்லை என்றாள். சனிக்கிழமையைச் சொன்னாள். "நீங்க இருபதாயிரம் தரணும்."

உள்ளே இயந்திரம் கடகடத்தது. அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

"முடியலன்னா பரவா..."

சிஸ்டரின் செருப்பு அவள் பெருவிரலை அழுத்தியது. வாயை மூடிக்கொண்டாள்.

"கணக்குப்பிள்ளை!" என்று கூப்பிட்டார் அவர். "செக் புத்தகத்தை எடும்."

தெருவுக்கு வந்ததும் ஜெசிந்தா துள்ளினாள். "ஏட்டி! தந்துட்டாவ, ஏட்டி!" பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட மாதிரியே வாயில் வந்துவிட்டது. தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் அது சிஸ்டர் என்று நினைவு வந்தது.

அடுத்து நகைக்கடை. அங்கே முடியாது என்றுவிட்டார்கள்.

"உயிரோடதான் இருக்கியா?" என்று கேட்டார் சிஸ்டர்.

ஜெசிந்தா தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இருக்கேன், சிஸ்டர்!"

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மருந்துக்கடை, ஜவுளிக்கடை, ஐஸ் கம்பெனி. படி ஏறும்போதே கேட்டுவிடுவாள் போலிருந்தது. சந்தை முக்கில் மட்டும் கால் நின்றது. சாலையை அகலப்படுத்தியபோது கடையைப் பறிகொடுத்த பீர்முகமது அங்கே தள்ளுவண்டியில் பரோட்டா வீசிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் வேண்டாம், சிஸ்டர். அவரே பாவம்." அடுத்த தெருவுக்குள் திரும்பினாள்.

சிஸ்டரும் கூடவே திரும்பினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீர்முகமது இல்லத்துக்கே வந்துவிட்டார். முழங்கைவரை மாவு.

"ஊரெல்லாம் கேட்டிய. என்னைப் பாத்ததும் தெருவைச் சுத்திட்டுப் போனிய! கடைதானே இடிஞ்சுது? நானுமா இடிஞ்சிட்டேன்?"

"இல்ல பாய், உங்களுக்கே கஷ்டம்னு..."

"அதை நான்லா சொல்லணும்?"

ஜெசிந்தா அவர் உட்கார ஒரு பாயை விரித்தாள்.

"இப்ப கேளுங்க," என்றார் அவர், கையைக் கட்டிக்கொண்டு.

கேட்டாள்.

"இன்னைக்கு யாவாரம் முழுக்க உங்களுக்கு. எங்க வரிசையில கடை இடிஞ்சவங்க இன்னும் இருக்காங்க. அவங்களையும்தானே விட்டிய? இருங்க, கூட்டிட்டு வாரேன்."

கூட்டிக்கொண்டும் வந்தார். தையல்காரர் வந்தார். பூட்டு ரிப்பேர்க்காரர் வந்தார். பூக்காரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே வந்தாள். பிந்திக் கேட்டதற்கு ஒவ்வொருவரும் ஒரு திட்டு திட்டிவிட்டுத்தான் பணத்தைக் கொடுத்தார்கள். ஜெசிந்தா திட்டையும் பணத்தையும் சிரிப்பும் அழுகையுமாக வாங்கிக்கொண்டாள். பொருளாளர் பாயில் மண்டியிட்டு எண்ணினார்.

"இன்னும் பத்தாயிரம் வேணும்," என்றார்.

விடிந்தால் சனி. இசக்கியம்மாள் பாலூட்டப் போகும் நேரம். படியில் நின்றவள் போகாமல் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரையும் கேட்டாச்சே, சிஸ்டர்," என்றாள் ஜெசிந்தா. "இன்னும் யார் இருக்கா?"

"நான் இருக்கேன்."

"நீங்களா? மடத்துல இருக்கிறவங்க. உங்ககிட்ட ஏது..."

பாதியில் நிறுத்தினாள். வாசலில் நின்ற பீர்முகமதின் மாவுக் கை கண்ணில் பட்டது.

ஜெசிந்தா எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு சிஸ்டரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சிஸ்டர், பத்தாயிரம் குறையுது. நீங்க தரணும்."

அதற்கு மேல் பேசவில்லை. சிஸ்டரின் செருப்பு வாசலில் கிடந்தது. இந்த முறை அது தேவைப்படவில்லை.

"மதர்கிட்ட அனுமதி வாங்கி, பணத்தோடதான் ஏட்டி வந்தேன்," என்றார் சிஸ்டர். "முதல் நாள்லேருந்து பையோட அந்த ஆணியிலதான் தொங்குது."