செம்பியன் மறுக்கலாமா?

ஒரு வாக்கைக் காப்பாற்றினால் இன்னொரு வாக்கு உடையும் என்ற நிலை எதிரிக்கும் வரக்கூடாது. கோவையில் கார்குழலி அப்படித்தான் மாட்டிக்கொண்டதாக நினைத்தாள்.

அவள் கணினி விளையாட்டுகளுக்குக் கதை எழுதுகிறவள். இம்முறை எழுதியது வயது வந்தவர்களுக்கான காதல் விளையாட்டு. ஆடுகிறவர் ஆணாகவோ பெண்ணாகவோ ஒரு தீவுக்குள் போய்ப் பன்னிரண்டு பேரோடு பழகலாம். முகப்பு வரியையும் அவளே எழுதினாள்: "இங்கே நீங்கள் யாரை வேண்டுமானாலும் காதலிக்கலாம்." முதலாளி சிவஞானம் அதை விளம்பரமாக்கி ஊரெல்லாம் பரப்பிவிட்டார். அது முதல் வாக்கு.

இரண்டாவது வாக்கை ஓவியன் ஜெபமணிக்குக் கொடுத்தாள். தீவின் படகோட்டி செம்பியனை வரைந்தவன் அவன்தான். செம்பியன் ஆண்களை மட்டுமே காதலிப்பவன். ஜெபமணியும் அப்படித்தான். ஆனால் வீட்டில் பெண் பார்த்தபோது தலையாட்டித் தொலைத்தான். கல்யாணம் ஒரு வருடம்கூட நிற்கவில்லை. பாவம், அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து சீரழிந்தது.

"அன்னைக்கு வேண்டாம்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பலக்கா. இவனாவது சொல்லட்டும். அத மட்டும் மாத்திராதீங்க."

"மாத்த மாட்டேன்டா," என்றாள்.

வினை சோதனையில் வந்தது. எல்லா வழியும் திறக்கிறதா என்று ஆடிப் பார்ப்பது மாசிலாமணியின் வேலை. எங்கே வழி அடைபட்டாலும் பிழைப் பட்டியலில் ஏற்றிவிடுவான். அவன் பெண்ணாக ஆடினான். ஆட்டத்தில் அந்தப் பெண் செம்பியனோடு படகில் போனாள், பழகினாள், மனதைத் திறந்து சொன்னாள். செம்பியன் கையெடுத்துக் கும்பிட்டு, "என் மனசு ஆம்பளைங்க பக்கங்க, மன்னிச்சுக்குங்க," என்றான். மாசிலாமணி எழுதினான்: "பிழை 212. படகோட்டி சம்மதிக்கவில்லை."

அடக் கொடுமையே! ஒருத்தன் மாட்டேன் என்றால் அது பிழையாம்.

சிவஞானம் கார்குழலியைக் கூப்பிட்டார். "அம்மிணி, ஆடறவங்க இஷ்டந்தான் பெருசு. ஊருக்கே சொல்லிப்போட்டு இப்ப இல்லைன்னா எப்படி? சரி பண்ணீரு. இல்லாட்டி படகோட்டியவே தூக்கிப்போடலாம்."

இரண்டு நாள் எதை எதையோ எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு கேள்வியை வைத்தாள்: "செம்பியன் மறுக்கலாமா? ஆம், இல்லை." எதை அழுத்துவது என்பது ஆடுகிறவர் பாடு; 'இல்லை' என்றால் செம்பியன் யார் கேட்டாலும் சம்மதிப்பான். சிவஞானத்துக்குப் பரம திருப்தி. பிழை 212 பட்டியலிலிருந்து நீங்கியது.

ஜெபமணி திரையில் அந்தக் கேள்வியைப் படித்தான். "வேண்டாம்னு சொல்றதுக்கும் அடுத்தவங்க அனுமதி வேணுமாக்கா?" என்றான். பையை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இப்போது நீங்கள் சொல்லுங்கள். மறுப்பைப் பிழை என்று எழுதியவனா, ஆடுகிறவர் இஷ்டமே பெரிது என்றவரா, அந்த இஷ்டத்தைக் கேள்வியாக்கி வைத்தவளா, எழுந்து போனவனா? இவர்களில் யார் செய்தது சரி?

விடை: எழுந்து போனவன்தான். முகப்பு வரியை மறுபடி படியுங்கள். யாரை வேண்டுமானாலும் காதலிக்கலாம் என்றுதான் இருக்கிறது. அவர்கள் சம்மதிப்பார்கள் என்று எங்கே இருக்கிறது? மாசிலாமணியின் பெண் ஆசைப்பட்டாள், சொன்னாள். அவள் வழி எதுவும் அடைபடவில்லை. இரண்டு வாக்கும் மோதவே இல்லை! வரியை எழுதினவளுக்கே பயத்தில் அது தோன்றாமல் போயிற்று. முந்தாநாள்தான் உறைத்தது. சிவஞானத்திடம் சண்டை போட்டு அந்தக் கேள்வியை எடுக்க வைத்தாள். "செம்பியன் பழையபடியே இருக்கான், வாடா," என்று ஜெபமணிக்குச் செய்தி அனுப்பினாள். அவன் அதைப் பார்த்துவிட்டான். பதில் இல்லை. பதில் சொல்லாமலிருக்கவும் அவனுக்கு உரிமை உண்டு.