முதல் பிடிக்கே சம்மதம்

மாட்டுத் தரகர் நாச்சிமுத்து கம்ப்யூட்டர் பெட்டியைக் கன்றுக்குட்டி மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ரஃபீக்கின் கம்ப்யூட்டர் கடை மேசையில் தொப்பென்று இறக்கினார்.

அறுபது வயசில் அவருக்கு ஈமெயில் அனுப்பக் கற்றுக்கொடுத்தவன் ரஃபீக். அவனுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தான். ஊரிலேயே நாச்சிமுத்து அதட்டாத ஒரே ஆள் அவன்.

"பேரைச் சொல்லுங்க வாத்தியாரே. எவன் பண்ணின வேலை இது? தோலை உரிக்காம விடறதில்ல."

"என்ன ஆச்சுங்கண்ணா?"

"முடி வளர்ற தைலம் விக்கறேன்னு என் பேர்ல அறுநூறு வியாபாரிக்கு லெட்டர் போயிருக்குது. பாலக்காட்டு வர்கீஸ் தலையில ஒத்தை முடி கிடையாது. நக்கல் பண்றியான்னு போன்ல கத்தறாரு. வியாழக்கிழமைச் சந்தைக்கு வேற தரகரைப் பார்த்துக்கறாராம். இருபது வருசப் பழக்கமுங்க! அவரு போனா பாதிச் சந்தையும் பின்னாடியே போயிரும். நான் ஒரு எழுத்து தட்டலை!"

ரஃபீக் பெட்டிக்குக் கரண்டும் இன்டர்நெட் வயரும் கொடுத்தான். இருவர் கையும் மடியில்தான் இருந்தன. ஆனாலும் லெட்டர் வெளியே போகும்போது எரியும் பச்சை விளக்கு, பெட்டியின் பின்னால் படபடவென்று துடித்தது. ரஃபீக் அதைக் காட்டினான்.

"இப்ப யாரு எழுதறது?" என்றார் நாச்சிமுத்து.

"உள்ள புகுந்த புரோகிராம். லெட்டர்ல ஒட்டிக்கிட்டு வரும். திறந்தா உட்கார்ந்துக்கும். அப்புறம் உங்க பேர்லயே ஊருக்கெல்லாம் எழுதும்."

"அனுப்புனவனுக்கு என்மேல என்ன பகை?"

"உங்க பேரே அவனுக்குத் தெரியாதுண்ணா. இது மாதிரி ஆயிரம் பெட்டி வச்சிருப்பான்."

பகைகூட இல்லை என்றதும் நாச்சிமுத்துவுக்கு இன்னும் கொதித்தது. "பல்லைப் பார்க்காம ஒரு மாடு பிடிச்சதில்ல நான். என்னையவா ஏமாத்துவான்?"

ரஃபீக் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினான். விளக்கு அடங்கியது. வந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் ஒன்றில் நின்றான். திரையை அவர் பக்கம் திருப்பவில்லை.

"துண்டைக் குடுங்க. வாசல்ல நிக்கற உங்க மொபெட்டை எனக்கு விலை பேசுங்க."

"அந்த ஓட்டை வண்டியையா?"

"பேசுங்கண்ணா."

பிறர் கண்ணில் படாமல் விரலைப் பிடித்து விலை சொல்லும் சந்தை வழக்கப்படி துண்டுக்கடியில் கைகள் சேர்ந்தன. எரிச்சலில் நாச்சிமுத்து நான்கு விரலைச் சேர்த்துப் பிடித்தார். நாற்பதாயிரம்.

ரஃபீக் உடனே கையை அழுத்தினான். சம்மதம்.

நாச்சிமுத்து சூடுபட்டவர் போலக் கையை உருவினார். வாத்தியார் என்பதும் மறந்துபோயிற்று.

"யோவ்! முதல் பிடிக்கே சம்மதமா? முப்பது வருசத்துல யோக்கியன் எவனும் அப்படிச் சொன்னதில்ல. என்னய்யா திருட்டுத்தனம்?"

ரஃபீக் திரையைத் திருப்பினான்.

'தாங்கள் கேட்ட விலைக்குச் சம்மதம். விவரம் உள்ளே.'

நாச்சிமுத்து இரண்டு தரம் படித்தார். அந்த லெட்டர் வந்த அன்றைக்கு மீசையை முறுக்கிக்கொண்டே திறந்தது ஞாபகம் வந்தது.

"நான் யார்கிட்டயும் விலையே கேக்கலையே..."

ரஃபீக் துண்டை உதறி மடித்து அவர் தோளில் போட்டான். "பெட்டியை நான் சுத்தம் பண்ணிடறேன்."

"வர்கீஸுக்கு? நான் இல்லைன்னு சத்தியம் பண்ணி ஒரு லெட்டர் அடிச்சுக் குடுங்க வாத்தியாரே."

"லெட்டர் வேண்டாம்ணா. வியாழக்கிழமை நேரா அவர்கிட்டப் போய், துண்டுக்கடியில கையை நீட்டுங்க. யார் கைன்னு அவருக்குத் தெரியும்."