எட்டாம் வகுப்பு சி பிரிவில் நடந்த அமெரிக்க வரலாறு

வில்வநாதன் சார் வாயைத் திறந்தாலே கதை அளப்பார். பாடம் நடத்தும்போது மட்டும் கொஞ்சம் குறைவு, கையில் புத்தகம் இருக்கும்.

கோவையில் அமெரிக்கப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளி எங்களுடையது. இந்தக் கோடையில் ஒரு வரலாற்று ஆசிரியரை அமெரிக்காவுக்கே பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். இருப்பது ஒரே இடம், கேட்டிருப்பது அவரும் பிருந்தா என்கிற நானும். ஆறு வருஷமாகக் காத்திருக்கிறேன். இவர் பேசியே தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்.

பிரின்சிபால் மேடம் ஆசிரியர் அறைக்கே வந்து, எட்டாம் வகுப்புக்கு வரலாற்றை எப்படிச் செய்துகாட்டி நடத்தினீர்கள் என்று கேட்டார். வரைபடம், நாடகம், விவாதம் என்று நான் இரண்டு வரியில் முடித்தேன். சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாஸ்டன்ல தேயிலையைக் கடல்ல கொட்டுன பாடமுங்க மேடம். இங்க கடலுக்கு எங்க போறது? மொட்டைமாடித் தண்ணித் தொட்டியில கொட்டச் சொன்னேன். ஒரு வாரம் எந்தக் குழாயைத் திறந்தாலும் டீதான். எதிர்த்த டீக்கடைக்காரர் கடையைப் பூட்டிட்டு ஊருக்கே போயிட்டாரு."

அவர் போனது மகள் பிரசவத்துக்கு என்று கணக்கு ஜெசிந்தா டீச்சர் சொன்னார். சார் காதில் விழவில்லை.

"அடுத்து, வண்டி கட்டி மேற்க குடியேறப் போன பாடம். பெஞ்சுக்கெல்லாம் சக்கரம் மாட்டி, போர்வையைக் கூரையாக் கட்டி விட்டமுங்க. வாளையாறு, பாலக்காடு தாண்டி ஒரே மூச்சுல கடல். இதுக்கு மேல மேற்கு இல்லைன்னு கேரளா போலீஸ்காரர் எழுதியே குடுத்தாரு. பெல் அடிக்கறதுக்குள்ள திரும்பிட்டோம்."

நாற்பத்தைந்து நிமிடத்திலா என்று ஜெசிந்தா டீச்சர் கேட்டார்.

"உங்க கணக்குப் பீரியடையும் எடுத்துக்கிட்டனே டீச்சர், மறந்துட்டீங்களா?"

அது மட்டும் உண்மை.

உள்நாட்டுப் போர் நடத்தியபோது வடக்கு வரிசையும் தெற்கு வரிசையும் மோதியதில் கட்டடமே ஒரு சாண் நகர்ந்ததாம். இவர் நடுவில் போய்ச் சாக்பீஸைத் தூக்கிக் காட்டியதும் சமாதானமாம். பிறகு நிலவுக்குப் போனார்.

"டிபன் டப்பாவெல்லாம் அடுக்கி ராக்கெட் விட்டமுங்க. ரெண்டாவது பெஞ்சு அகரன் அதுல ஏறிட்டான். மூணு நாளாச்சு, இன்னும் இறங்கலை. அட்டென்டன்ஸ்ல ஆன் டூட்டி போட்டிருக்கேன்."

அம்மை போட்டிருக்கிறது என்று அகரன் வீட்டிலிருந்து வந்த லீவ் லெட்டர் அந்த மேஜையிலேயே கிடந்தது.

மேடம் சிரிக்கவில்லை. இத்தனை பாடத்திலும் தலைவர் வேஷம் எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டார்.

"எல்லாத்துலயும் நானேதாங்க. பசங்களுக்கு அந்தக் கம்பீரம் வராது."

மேடம் சார் பாடம் நடத்தும் சி பிரிவின் விடைத்தாள்களை எடுத்துவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் புரட்டினார். விடுதலைப் படைக்குத் தலைமை தாங்கியவர் யார் என்ற கேள்விக்கு முப்பத்தொன்பது பிள்ளைகளும் வில்வநாதன் சார் என்றே எழுதியிருந்தார்கள். முதல் ஜனாதிபதியும் அவர்தான். நிலவில் முதலில் கால் வைத்தவரும் அவர்தான்.

சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா மேடம், ஒருத்தன்கூட மாத்தி எழுதலை."

மேடம் தாள்களை அடுக்கி வைத்தார்.

"நீங்களே உண்டாக்கின நாட்டைப் பத்தி உங்களுக்கு எதுக்கு சார் பயிற்சி? பிருந்தா போயிட்டு வரட்டும்."